மருமகள் ஏறினால் கியர் விழாது

மெக்கானிக் ஷெட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு வந்திருக்கிற ஒரே வியாதி, தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு அதற்கு என்ன கோளாறு என்று யோசிப்பதுதான். எங்கள் தாம்பரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்தால் கேம்ப் ரோடு சிக்னல் காதில் விழும். எவனாவது ஒருவன் கிளட்சை ஒழுங்காக மிதிக்காமல் கியரைக் குத்துவான். அந்தக் கர்ர்ர் சத்தம் கேட்டதும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பல்லைக் கடிப்பேன். "அவன் வண்டி, அவன் கியரு. உங்களுக்கு இன்னா வந்தது?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பல்லைக் கடிப்பதை நிறுத்த முடியவில்லை.

புதிதாக ஷெட்டுக்கு வந்திருக்கிற தம்பிகளே, இப்போது ஒன்றிரண்டு பேராக வரத் தொடங்கியிருக்கிற தங்கைகளே, பழைய வண்டி ஒன்று கியர் டைட்டாக இருக்கிறது என்று வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை நான் இங்கே பாடப்போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது; ஒருவன் இந்தியில் கத்திக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றிக் காட்டுவான். மாட்டும்போது மட்டும் காட்டமாட்டான். எல்லாமே சரியாக இருந்தும் கியர் விழாத ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஒரு வாரம் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டதில் பாதி முடி போனது. மீதி முடி அதற்கு முன்பே போயிருந்தது.

ஏகாம்பரம் அண்ணன் மாடம்பாக்கத்துக்காரர். நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாக மாறிய பிறகு, நாலு வாடகை வீடும் ஒரு செங்கல், மணல் கடையுமாக இருந்தார். மனைவி தவறிப்போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் சத்தமான மனிதர். பிறந்ததிலிருந்து வேட்டியைத் தவிர வேறொன்றும் கட்டியதில்லை. பேண்ட் போட்ட யார் கடைக்கு வந்தாலும், "இன்னா சார், பேங்க்லேர்ந்து வரீங்களா?" என்று எழுந்து நிற்பார். அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. சின்ன வண்டி, வயதான வண்டி, ஆனால் கண் மாதிரி வைத்திருந்தார். அதற்கு வைத்தியம் பார்த்ததெல்லாம் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஷெட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று வாயைத் திறக்காமல் என் தோளைப் பிடித்துப் பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தாஸு, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுணா."

"வண்டி மக்கர் பண்ணுது. கியர் வுழல."

"இதுக்கு எவன் சிரிப்பான்?"

"எப்பவும் இல்லப்பா. மருமவ ஏறுனாதான் வுழல."

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக ஒரு பேட்டரியின் மூடியைத் திறந்து உள்ளே உற்றுப் பார்த்தேன். அதில் தண்ணீர் இல்லை. வாடிக்கையாளர் சொல்வது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் முதலில் நம்பிவிடுங்கள் தம்பி. அவர் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம். நடந்ததாகச் சொல்வது பெரும்பாலும் நடந்திருக்கும்.

விஷயம் இதுதான். அவர் மகன் தினேஷுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் சுகந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தினேஷுக்கு சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. விடியற்காலையிலேயே கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். சுகந்திக்குப் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். ஆனால் மாமனார் விடவில்லை. தினமும் காலையில் அவரே பொத்தேரி வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவார்.

"போவசொல்ல பேஜாரு. சிக்னலுக்கு சிக்னல் கியர் மாட்டிக்குது. பெருங்களத்தூர்ல ஆஃப் ஆயிடும். பின்னாடி பஸ்காரன் கத்துவான். அந்தப் பொண்ண எறக்கி வுட்டுட்டுத் திரும்பி வரசொல்ல, தங்கம். வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி கியர் வுழுது. இன்னா மாயம் இது?"

அவர் குடித்தனக்காரர் ஒருவர் வாஸ்து பார்ப்பவராம். தெற்கே போகிறபோது மக்கர், வடக்கே வருகிறபோது சரி என்றால், தெற்கு எமன் திசை என்று சொல்லி முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொல்லியிருக்கிறார். எலுமிச்சம்பழம் காய்ந்து சுண்டிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. எமனும் அசையவில்லை, கியரும் அசையவில்லை.

"தினேஷ் இன்னா சொல்றான்?"

அவர் முகம் மாறியது. "வித்துடலாம்ன்றான். வண்டி கெழமாயிடுச்சாம். எனக்கும் கால் வலுவு கம்மியாயிடுச்சாம். சனிக்கெழம சாயங்காலம் ஒரு ஆளு வண்டிய பாக்க வரான். அப்புறம் சுகந்தி ரயில்ல போவட்டும்ன்றான்."

"புது வண்டி வாங்கித் தருவான், வுடுணா."

"வண்டி போனா போவுது தாஸு." ஒரு பேட்டரியின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "அந்தப் பொண்ணு அன்னிக்கி நடத்தப்போற பாடத்த எனக்கு சொல்லிகினே வரும். புது வேல, பயம். என்னாண்ட சொல்லிப் பாத்துக்கும். நானும் டவுட்டு கேப்பேன். வூட்ல யார்ப்பா என்னாண்ட பேசறா? தினேஷு போன பாக்கறான். டிவி அதும்பாட்டுக்குப் பேசுது. காலைல அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு."

சத்தமான மனிதர் சத்தமில்லாமல் பேசினால் கேட்கிறவனுக்கு என்னவோ போல ஆகிவிடுகிறது. சனிக்கிழமைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன்னால் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று என்னிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை தெற்கே போனேன். எமன் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏகாம்பரம் அண்ணனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையை ஜன்னலில் வைத்தபடி மகாராஜா மாதிரி ஓட்டினார். கேம்ப் ரோடு, சானடோரியம், குரோம்பேட்டை என்று இருக்கிற சிக்னல் எல்லாவற்றிலும் நின்று நின்று எடுத்தார். ஒரு கியர்கூட முனகவில்லை.

அப்போது எனக்கு ஒரு மேதாவித்தனமான யோசனை வந்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் தரைத் தகடு எங்கேயாவது அழுந்தி எதையாவது பிடிக்கிறதோ என்று தோன்றியது. நான் உட்கார்ந்தபோது ஏன் பிடிக்கவில்லை? நான் ஒல்லி. அப்படியானால் மருமகளின் எடை என்ன? ஒரு மாமனாரிடம் இதைக் கேட்பது எவ்வளவு தர்மசங்கடம் என்பதைக் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

"அதெல்லாம் நான் எப்படிப்பா சொல்றது?" என்று நெளிந்தார். அப்புறம் தன் கடைக் கணக்குப்படி யோசித்து, "ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல, ரெண்டு மூட்டைக்குக் கீழ" என்றார்.

அவர் கடையிலிருந்தே ஒன்றரை மூட்டை மணலைக் கொண்டுவந்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, விழாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, அண்ணனை ஓட்டச் சொல்லி நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கேம்ப் ரோடில் நின்றிருந்த டிராஃபிக் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். பெல்ட் போட்டிருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வண்டி தங்கமாக ஓடியது. மாடம்பாக்கம் திருப்பத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது மூட்டை பிரிந்து மணல் முழுவதும் வண்டிக்குள் கொட்டியது. அதை அள்ளி முடிக்க ஒரு மத்தியானம் போனது. நாங்கள் கண்டுபிடித்தது, மணலுக்கும் கியருக்கும் விரோதம் இல்லை என்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை, இருக்கட்டும் என்று கிளட்ச் கேபிளை மாற்றி, கியர் ஆயிலையும் மாற்றினேன். புதன்கிழமை காலை பெருங்களத்தூரிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "தாஸு, நின்னுடுச்சி" என்றார். நான் போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரை ஒரு மூலைக்கு வீசினேன். அது போய் விழுந்த இடத்தை அப்புறம் தேட வேண்டியதாயிற்று. ஷெட்டில் இருந்தவர்கள் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை. மருமகள் ஏறினால்தான் வருகிற நோய்க்கு, மருமகள் இல்லாதபோது வயிற்றைக் கிழித்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? வியாழக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டு, மறுநாள் காலையில் நானும் கூட வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணன் வண்டியை வீட்டுக் கொட்டகையிலிருந்து பின்பக்கமாக எடுத்தார். ரிவர்ஸ் அழகாக விழுந்தது. வாசலில் நிறுத்தினார். உள்ளேயிருந்து சுகந்தி, கையில் ஒரு பையும் பாடக் குறிப்புமாக வந்தாள். அவளைப் பார்த்ததும் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை தழைய விட்டார். இழுத்து, சுருக்கம் தட்டி, மறுபடி ஏறி, வேட்டியின் இரண்டு ஓரத்தையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்காருவது போல அடக்கமாக உட்கார்ந்தார். சுகந்தி அவர் பக்கத்தில் ஏறினாள். நான் பின்னால்.

நான் இதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மருமகள் முன்னால் எந்தப் பெரியவர்தான் முட்டி தெரிய உட்காருவார்? மரியாதை தெரிந்த மனிதர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

முதல் கியர் போட்டார். கர்ர்ர் என்றது. என் பல் தானாகக் கடித்துக்கொண்டது.

"பாத்தியா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

கேம்ப் ரோடு சிக்னலில் மறுபடி கர்ர்ர். தாம்பரம் மேம்பாலத்தில் இரண்டாவது கியருக்கு ஒரு யுத்தம். இதற்கு நடுவே பாடம் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு பொருளோட விலை ஏறினா அதை வாங்கறவங்க குறைவாங்க. இதுதான் அடிப்படை விதி, மாமா."

"அப்டியா? நெலத்துக்கு வெல ஏற ஏறத்தானே நம்ம வூட்டாண்ட கூட்டம் ஜாஸ்தியாச்சி?"

"அது வேற மாமா. அவங்க இன்னும் ஏறும்னு நினைச்சு வாங்கறாங்க."

"அப்ப விதி எனக்கு மட்டுந்தானா? நான் தக்காளி வெல ஏறுனா வாங்கறதில்ல."

சுகந்தி சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டாள். இத்தனை ரகளையிலும் இரண்டு பேருக்கும் இந்தப் பேச்சு எவ்வளவு பிடித்திருந்தது என்பது பின் சீட்டில் இருந்த எனக்கே தெரிந்தது. நாளை சாயங்காலம் இது முடிந்துவிடும். இதுவரை நான் கண்டுபிடித்தது மணலைப் பற்றி மட்டும்தான்.

ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் பெருங்களத்தூர் நெருங்கியபோது இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். முன்னால் போன லாரி நின்றது. அண்ணன் கிளட்சை மிதித்தார். அவர் கால் முன்னே போனது. வேட்டி அவருடைய இரண்டு முட்டிக்கும் குறுக்கே மேளத்தோல் மாதிரி விறைத்தது. கால் பாதி வழியில் நின்றுவிட்டது. வேட்டி பிடித்து இழுக்கிறது. அவரோ பெடல் தரையைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கிளட்ச் பாதிதான் விடுபட்டால் கியர் எப்படி விழும்? வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தனியாக இருந்தால் மடித்துக் கட்டுவார். என்னோடும் மணல் மூட்டையோடும் வந்தபோதும் மடித்துக் கட்டித்தான் இருந்தார். திரும்பி வரும்போது மருமகள் இறங்கிவிடுவாள், வேட்டி மேலே ஏறிவிடும். எமன் திசையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

அண்ணன் இறங்கிப் போய் பானட்டைத் திறந்துகொண்டார். வண்டி நின்றால் பானட்டைத் திறப்பது நம் ஊர் வழக்கம். உள்ளே என்ன பார்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. பானட் எங்களை மறைத்ததும் சுகந்தி பின்னால் திரும்பினாள்.

"அண்ணா, பாத்துட்டீங்க இல்ல?"

"எதம்மா?"

"வேட்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளாத் தெரியும். மாடியிலேர்ந்து பாப்பேன், தனியாப் போகும்போது நல்லாத்தான் ஓட்டறார். எப்படிண்ணா சொல்றது? 'மாமா, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க'ன்னு நான் சொல்ல முடியுமா? பொங்கலுக்குப் பேண்ட் எடுத்துக் குடுத்தேன். மருமக எடுத்துக் குடுத்ததுன்னு மஞ்சள் வெச்சு சாமி ரூம்ல ஒரு நாள் வெச்சுட்டு, அப்படியே பீரோல பூட்டிட்டார். பின்னாடி உக்காந்துக்கறேன்னு சொன்னேன். 'நான் எதுனா தப்பாப் பேசிட்டேனாம்மா'ன்னு கேட்டுட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

"தினேஷாண்ட சொல்றதுதானே?"

"சொன்னா ஃபேமிலி குரூப்ல போட்டுடுவார். மாமா அப்புறம் வண்டியையே தொடமாட்டார்." பானட் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ட்ரெயின்ல போனா நான் யார்கிட்டண்ணா பாடம் சொல்லிப் பாப்பேன்? நீங்களே எப்படியாவது பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். என்னைப் பார்த்து. நானும் யோசித்தேன். வண்டியில் ஏதோ பண்ணியதாகச் சொல்லிவிட்டு, பாதி மிதித்தாலே கிளட்ச் விடுபடுகிற மாதிரி கேபிளை இறுக்கி வைத்துவிடலாம். ஒரு மாதம் ஓடும். அப்புறம் கிளட்ச் தேய்ந்து, நடுரோட்டில் புகை வரும், வண்டியை நானே கொன்றதாக ஆகும். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு நாசூக்காகச் சொல்லலாம். சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு அவரே வண்டியை விற்றுவிடுவார். மாமனார் மருமகளுக்காக வேட்டியை இறக்குகிறார். மருமகள் மாமனாருக்காக வாயை மூடிக்கொள்கிறாள். இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸ் அரைபடுகிறது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன் அடித்தது. தினேஷ். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஏதோ ஒன்றை அப்பா போனில் போட்டு வைத்திருக்கிறான். அண்ணனுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, எல்லாமே ஸ்பீக்கர்தான்.

"அப்பா, மறுபடி பெருங்களத்தூரா? போதும்பா. நாளைக்கு எதுக்கு, இன்னிக்கு ஈவ்னிங்கே அவனை வரச் சொல்லிடறேன். தாஸ் அண்ணா கூட இருக்காரா? அவரை ஓட்டச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாங்க."

பின்னால் பஸ்காரன் ஹாரனில் உட்கார்ந்துவிட்டான். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, "இன்னா சார், ஜிஎஸ்டி ரோட்ட குத்தகைக்கு எடுத்துட்டீங்களா?" என்றார். அண்ணன் பானட்டை மூடினார். நான் இறங்கி அவர் பக்கம் போனேன். அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே ஓட்டுப்பா. அவன் சொல்றதுதான் சரி. வண்டி மேல கோளாறு இல்ல. என் கால்தான் போயிடுச்சி போல கீது." இடது தொடையைத் தட்டிக் காட்டினார். "அந்தப் பொண்ண டைமுக்குக் கொண்டுபோய் வுட்டுடு."

தம்பிகளே, வேலையில் ஒரு முடிவெடுக்க உங்களுக்கு யாரும் நாற்காலி போட்டு உட்கார வைத்து நேரம் கொடுக்கமாட்டார்கள். அந்தச் சாவியை வாங்கி நான் ஓட்டியிருந்தால் வண்டி சொகுசாகப் போயிருக்கும். அதோடு அவர் கால் போய்விட்டது என்பது நிரூபணம் ஆகியிருக்கும். உதவி செய்கிறேன் என்று நினைத்து அவரை நானே வீட்டில் உட்கார வைத்திருப்பேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பல்லாவரத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் காது கூசும். "கஸ்டமருக்கு மரியாத குடு, வேணான்னு சொல்லல. ஆனா அந்த மரியாதைல வண்டி சாவக் கூடாது" என்பார். வாத்தியாரின் பேச்சில் வீட்டில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அண்ணா, வேட்டிய மடிச்சி கட்டு."

"இன்னாது?"

"மடிச்சி கட்டிட்டு ஏறுன்றேன். உன் காலு நல்லா கீது. வண்டியும் நல்லா கீது. நடுவுல வேட்டி கீது. அது காலப் புடிச்சி இழுக்குது. பாதி கிளட்ச்தான் வுழுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் திறந்திருந்த வண்டியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இன்னாடா பேசற? உள்ள மருமவ கீதுடா."

"அதாலதாண்ணா இத்தினி நாளா பேஜாரு."

போலீஸ்காரர், கையைக் காட்டுவதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அண்ணன் இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ உருவப்போவது போல நின்றார். நான் அவரை அவமானப்படுத்திவிட்டேன். அதுவும் யார் முன்னால் கூடாதோ அவள் முன்னாலேயே. இனி என் மூஞ்சியில் விழிக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது ஜன்னல் வழியாகச் சுகந்தியின் குரல் வந்தது. எங்களைப் பார்க்காமல் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"மாமா, எனக்கு ஒன்பது மணிக்கு கிளாஸ். மடிச்சுக் கட்டிட்டு ஏறுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ஜிஎஸ்டி ரோடு முழுவதும் பார்க்க வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்தார். கால் தரை வரை போனது. முதல் கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

வண்டலூர் தாண்டும்வரை சுகந்தி பாடக் குறிப்பைத் திறக்கவில்லை. அண்ணன் காது சிவப்பாகவே இருந்தது. அந்த அமைதியில்தான் எனக்குச் சில விஷயங்கள் தெளிந்தன. கேபிளையும் ஆயிலையும் நம்பிய அளவுக்கு நான் வண்டி ஓட்டுகிறவரைக் கவனிக்கவில்லை. அவர் தினமும் எப்படி ஓட்டுகிறாரோ, யாரோடு ஓட்டுகிறாரோ, அப்படியே ஓட்ட வைத்துப் பார்த்திருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும், மணலும் மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் தோன்றியது. எல்லோரும் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் மரியாதை கெட்டவன் ஒருவன் வேண்டும். பல நாள் அந்த வேலை மெக்கானிக் தலையில்தான் விழும். செய்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் பில் போட முடியாது.

ஊரப்பாக்கம் சிக்னலில் வண்டி நின்று, சத்தமில்லாமல் கிளம்பியது. சுகந்தி குறிப்பைப் பிரித்தாள்.

"மாமா, எங்க விட்டோம்?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "தக்காளில" என்றார்.

பொத்தேரியில் கல்லூரி வாசலில் நிறுத்தினோம். பையன்களும் பெண்களுமாக ஒரே கூட்டம். சுகந்தி இறங்கினாள். அண்ணனும் இறங்கினார். மடிப்பை அவிழ்த்து வேட்டியைக் கணுக்கால் வரை தழைய விட்டு, சுருக்கம் தட்டி, நேராக நின்றார். "போய்ட்டு வாம்மா" என்றார். ஓட்டும்போது கொடுக்க முடியாத மரியாதையை நின்றுகொண்டு கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜிஎஸ்டி ரோடு தூசி என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"தினேஷு, அந்த ஆள வரவேணான்னு சொல்லிடு. வண்டி ரெடியாயிடுச்சி."

"என்னப்பா ப்ராப்ளம்? தாஸ் அண்ணா என்ன பண்ணார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் முறையாக அவருடைய பழைய சத்தம் திரும்பி வந்திருந்தது.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. கிளட்ச் சமாச்சாரம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வாசலுக்குள் போன சுகந்தி, ஏதோ ஞாபகம் வந்தது போல நின்று திரும்பினாள். "மாமா, நாளைக்கு லீவு. திங்கட்கிழமை எட்டு மணிக்கு ரெடியா இருங்க. பணவீக்கம் ஆரம்பிக்கறேன்."

"வாம்மா, வா" என்றார் அண்ணன். "அதுல எனக்கு நெறைய டவுட்டு கீது."